மதுக்கரைக்கு வந்த டேனியர் இருவர்

மேனாட்டார் நமது கடலுக்கு வந்த வரலாற்றைச் சொல்லுகின்றவர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவரை நிரலே கூறி நிறுத்திக்கொள்வது வழக்கம். நான்காமவரும் உளர். அவர் டேனியர். மிஷன் பாடசாலையிலே படித்த நாம் தரங்கம்பாடி என்னும் பெயரைச் சீகன்பால்கு பாதிரியாரின் சரித்திரத்தோடு சேர்த்தே கேட்டோம். 1706 ஆம் ஆண்டு அவர் அங்கு வந்திறங்கியதையும், தமிழ் நூல்களை அச்சிலே பதிப்பித்ததையும் ஆசிரியர்மார் மிகுந்த விருப்பத்தோடு சொல்லுவார்கள். ஆனால் டேனியக் கப்பல்கள் முதன்முதல் நாடி வந்தது ஈழத்தையே என்பதை அவ்வகுப்புக்களிலே எவரும் நமக்குச் சொன்னதில்லை. ஓவே கெத்தே என்னும் இளந் தளபதி 1618 இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்டு 1620 இலே திருக்கோணமலையை அடைந்தான். கண்டியரசனோடு செய்ய நினைத்த உடன்படிக்கை நிலைபெறவில்லை. தஞ்சை நாயக்க மன்னனின் இசைவோடு தரங்கம்பாடியே டேனியருக்கு உரித்தாயிற்று. அந்தத் தளபதி தன் முதிர்ந்த வயதிலே, டேனிய முடியின் கீழ் அப்பொழுது இருந்த நோர்வே நாட்டிலே, இரும்பாலை நிறுவியவர்களுள் ஒருவனானான் என்பது இதனோடு சேர்த்து அறியத்தக்க செய்தி. மிளகு தேடி வந்தவன் கடைசியில் இரும்பு உருக்கினான்!

1845 இலே தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் போய்விட்டனர். ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் ஒரு டேனியர் தமிழ் மண்ணிலே வந்து தங்கினார். அவரிடத்திலே பீரங்கியும் இல்லை, வேதப்புத்தகப் பிரதிகளும் இல்லை. அவர் ஒரு கம்பனியின் பொறியியலாளர். சோரன் கிறிஸ்தியன் டூப்ரோ என்பது அவர் பெயர். மூன்றாண்டு பிந்தி அவருடைய தோழர் ஹென்னிங் ஹொல்க்-லார்சன் வந்தார். இந்தியாவிலே இன்று 'லார்சன் அன்ட் டூப்ரோ' என்னும் பெயரை அறியாதார் இல்லை. ஆயினும் அப்பெயர்களுக்கு உரிய மனிதர் இருவரையும் அறிந்தார் சிலரே. அவர்களுடைய வாழ்க்கையை நமது சங்க மலரிலே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் தொடங்கியது சுண்ணாம்புக் கல்லிலே. நாம் நின்றுகொண்டிருப்பதும் சுண்ணாம்புக் கல்லின் மேலேயே.

டூப்ரோ 1906 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதியும், லார்சன் 1907 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதியும் பிறந்தவர்கள். டென்மார்க்கிலே இருவரும் உடன் படித்த தோழர்கள். பொறியியல் கற்றபின் இருவரும் கொப்பன்ஹேகன் நகரத்து எப். எல். ஸ்மித் கம்பனியிலே உத்தியோகம் பெற்றனர். இந்தக் கம்பனியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போவது முறையன்று. டென்மார்க்கு சிறிய நாடு. நிலக்கரி இல்லை, இரும்புத் தாது இல்லை. இருப்பவை மண்ணிலே சுண்ணமும் களியும், மேய்ச்சல் நிலத்திலே பசுக்களும். ஆகவே அந்நாட்டார் சீமெந்து செய்யும் பொறிகளையும், பாலைப் பதனிடும் பொறிகளையும் உலகத்துக்கு விற்கும் வல்லுநர் ஆயினர். 1882 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட எப். எல். ஸ்மித் கம்பனி, சீமெந்தாலைகளுக்கு வேண்டிய யந்திரங்களைச் செய்து, கடல் கடந்த நாடுகளிலே கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்து, அவற்றை ஓட்டிக் காட்டி வந்தது. இல்லாததை எண்ணி ஏங்காமல், காலுக்குக் கீழே கிடந்ததை எடுத்து வித்தையாக்கிய நாடு என்று டென்மார்க்கைச் சொல்லலாம்.

கோயம்புத்தூருக்கு அண்மையிலே மதுக்கரை என்னும் ஊரிலே ஒரு சீமெந்தாலை எழுந்தது. அதற்கு வேண்டிய யந்திரங்கள் ஸ்மித் கம்பனியிடமிருந்து வந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டுவிப்பதற்காக 1934 ஆம் ஆண்டு டூப்ரோ அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

சீமெந்து எப்படி உண்டாகின்றது என்பதைக் காங்கேசன்துறையிலே வேலை செய்த பெரியவர்கள் நம்மிலும் நன்றாக அறிவர். இளைய அங்கத்தவர்களுக்காக இங்கே கூறுவோம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் உரிய அளவிலே சேர்த்து நுண்ணிதாக அரைக்க வேண்டும். அக்காலத்து முறையிலே நீர் விட்டுக் கூழாக அரைப்பர். அந்தக் கூழ், சற்றே சரிந்து படுத்திருக்கும் நெடிய இரும்புக் குழாயின் மேல் வாயிலே விடப்படும். குழாயின் உட்புறம் முழுவதும் தீச்செங்கல் பதித்திருக்கும். குழாய் மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டேயிருக்கும். கீழ் வாயிலே நிலக்கரித் தூள் எரிந்து சுவாலை வீசும். கூழ் உருண்டு இறங்க இறங்க நீர் வற்றி, கரிவாயு நீங்கி, ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்திலே கல்லும் களியும் ஒன்றாகி, நெல்லிக்காய் போன்ற கரிய உருண்டைகளாகக் கீழே விழும். இவற்றைக் கிளிங்கர் என்பர். சிறிது ஜிப்சம் சேர்த்துக் கிளிங்கரை மாவாக அரைத்தால் அதுவே சீமெந்து.

இதிலே பொறியியலாளனின் கைத்திறன் வெளிப்படும் இடம் அந்தச் சுழலும் குழாய்தான். பல நூறு தொன் நிறையுள்ள உருளை சிறிதும் கோணாமல் உருள வேண்டும். ஒருமுறை தீ மூட்டினால், நினைத்தவுடன் நிறுத்த முடியாது. வெப்பத்தோடு நின்றுவிட்டால் தன் பாரத்தினாலேயே குழாய் வளைந்துவிடும். ஆகவே அதைப் பூட்டுகின்றவன் வரைபடத்தை மேசையிலே விரித்து வைத்துக் கட்டளையிட்டால் மட்டும் போதாது. உள்ளூர் வேலையாட்களோடு இரவும் பகலும் நின்று, அவர்களுடைய கையையும் கண்ணையும் பழக்க வேண்டும். யந்திரம் விற்கும் நாட்டான் ஒருவன், வாங்கும் நாட்டு மனிதனின் கைத்திறமையை அறியும் இடமும் இதுவே. இந்த நாட்டுக் கைகளாலும் இதைச் செய்ய முடியும் என்று பின்னர் டூப்ரோ தம் பொருளை வைத்துத் துணிந்ததற்கு வேர், சீமெந்தாலையிலே நின்ற அந்த நாட்களிலேயே ஊன்றியிருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

1937 ஆம் ஆண்டு லார்சனும் அதே கம்பனியின் பொறியியலாளராக இந்தியா வந்தார். அந்நாட்களிலே இந்தியச் சீமெந்துக் கம்பனிகள் பலவும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு பெரிய கம்பனியாகிக் கொண்டிருந்தன. தோழர் இருவரும் பம்பாய்க்கு அண்மையிலுள்ள மாத்தேரான் என்னும் மலையூரிலே விடுமுறையைக் கழித்தபோது, சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்னும் எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது. 1938 ஆம் ஆண்டு பம்பாயிலே 'லார்சன் அன்ட் டூப்ரோ' என்னும் கூட்டு வியாபாரம் தொடங்கிற்று.

உலகப் பெயர் பெற்ற கம்பனியிலே நிலையான சம்பளம் பெற்ற வாலிபர் இருவர் அதை விட்டுவிட்டுப் பிற நாட்டிலே கடை விரித்தனர் என்பதை நமது ஊர்க் கண்கொண்டு பார்க்க வேண்டும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் வாக்கு. மகன் எஞ்சினியராகி அரசாங்க உத்தியோகம் பெற்றுவிட்டான் என்றால் வீட்டிலே பெரிய கவலை தீர்ந்தது. இந்த வாக்கை நாம் எள்ளி நகையாடவில்லை. மழை பொய்த்தால் கிணறு உவர்க்கும் இந்த மண்ணிலே, மாதந் தவறாமல் வரும் சம்பளமே பல குடும்பங்களைக் கரையேற்றியது. மலாய் நாட்டு றெயில்வேயிலும் பொதுவேலைப் பகுதியிலும் உழைத்த நமது பாட்டன்மாரின் பணத்திலே கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அந்தப் பணம் வீடாயிற்று, காணியாயிற்று, சீதனமாயிற்று. பட்டறையாகியது அரிது.

பம்பாயிலே அவர்களுக்கு வாய்த்த முதற் காரியாலயம் மிகச் சிறியது. ஒரு நேரத்திலே பங்காளிகளுள் ஒருவர் மாத்திரமே அதற்குள் இருந்து வேலை செய்ய இயலும். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே போய் வியாபாரம் தேட வேண்டும். (வியாபாரத்துக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நாம் நினைக்கின்றோம்.) அவர்கள் முதலிலே செய்த தொழிலும் பெரியதன்று. பாற்பண்ணை யந்திரங்கள் செய்யும் டேனியக் கம்பனிகளுக்கு இந்தியப் பிரதிநிதிகளாய் இருந்து, சொற்பமான கொடுப்பனவு பெற்று வந்தனர். அதாவது அவர்கள் அப்பொழுது செய்தது தரகு வேலையே. கொழும்பிலே அக்காலத்தில் வெளிநாட்டுச் சாமான்களுக்கு ஏஜண்டுகளாய் இருந்த எத்தனையோ கம்பனிகளுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை உண்டானது யுத்தத்திலே. 1939 இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டவுடன் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. விற்ற யந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக அவர்கள் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார்கள். 1940 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆந் திகதி ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. அன்றோடு டேனியச் சாமான் வரவு அறவே நின்றது. தாய்நாடு பகைவன் கையிலே. தொழிலுக்கோ விற்பதற்கு ஒன்றும் இல்லை. தரகர் வேறெவராயினும் அன்று கதவைச் சாத்தியிருப்பார். இவர்கள், பிற நாட்டிலிருந்து இறக்கி விற்ற பாற்பண்ணை யந்திரங்களை அந்தச் சிறு பட்டறையிலே தாமே செய்யத் தொடங்கினர். அவை நன்றாகவே ஓடின. இந்தக் கம்பனியிடம் கொடுத்தால் வேலை திருத்தமாய் வரும் என்னும் பெயர் பரவிற்று.

இவர்களுடைய வரலாற்றிலே முதன்மையான திருப்பம் இதுதான் என்று நாம் கருதுகின்றோம். யுத்த காலத்திலே பம்பாயில் பணம் படைத்த ஏஜண்டுகள் பலர் இருந்தனர். இவர்களிடம் இருந்தது பணமன்று. இந்த யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கின்றது, அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு செய்யப்பட்டிருக்கின்றது என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது. விற்பவனுக்குச் சாமானின் விலை தெரிந்தாற் போதும். செய்பவனுக்கு அதன் குற்றங் குறைகளும் தெரிய வேண்டும். மதுக்கரையிலே உலையருகே நின்றவருக்கு இரண்டாவது தெரிந்திருந்தது.

யுத்தம் வேறு வேலைகளையும் கொண்டுவந்தது. பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களைப் பழுது பார்க்கவும் திருத்தியமைக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். அதற்கென 'ஹில்டா லிமிட்டட்' என்னும் தனிக் கம்பனியை இவர்கள் ஏற்படுத்தினர். சௌராட்டிரக் கடற்கரையிலே மித்தாப்பூர் என்னும் இடத்திலே டாட்டா நிறுவனத்தார் சோடா உப்பு ஆலையொன்றை எழுப்ப முனைந்திருந்தனர். அதைப் பூட்டவிருந்த ஜெர்மானியப் பொறியியலாளர்கள், யுத்தப் பகைவர் என்று திடீரெனத் தடுத்து வைக்கப்பட்டனர். பாதியிலே நின்ற அந்த வேலை இவர்கள் கையிலே வந்தது. அதை முடித்துக் கொடுத்ததோடு, பெரிய ஆலைகளைப் பூட்டி நிறுவும் தொழில் இவர்களுக்குத் திறந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லுவோரும் உண்டு. அதிர்ஷ்டமே, அதுவும் பிறருடைய துன்பத்தின் வழியாக வந்த அதிர்ஷ்டம். அதை மறைத்து இவர்களை முழுவதும் தம் முயற்சியாலேயே உயர்ந்தவராய்க் காட்டுவது உண்மையாகாது. ஆயினும் அந்த வேலை வந்தபோது, செய்யத் தெரிந்த கை அங்கே இருந்தது.

மித்தாப்பூர் ஆலையைப் பற்றி நினைக்கும்போது நமக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. சோடா உப்புக்கு மூலப்பொருள்கள் இரண்டு: கடலுப்பு, சுண்ணாம்புக் கல். அமோனியாவின் துணைகொண்டு இவ்விரண்டிலிருந்தும் அதைப் பிரித்தெடுப்பர். கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் அது இன்றியமையாதது. வறண்ட கடற்கரையும், உப்பும், சுண்ணக் கல்லும் உள்ள மித்தாப்பூர், பார்வைக்கு நமது பக்கத்து நிலம் போன்றதே. நமக்கும் ஆனையிறவிலே உப்பு விளைந்தது. தீபகற்பம் முழுவதும் கல். பரந்தனிலே ஆனையிறவு உப்பைக்கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை 1950 களிலே நிறுவப்பட்டது. ஆகவே மூலப்பொருளை அறியாதவர் நாம் என்று எவரும் சொல்ல முடியாது.

1944 இலே கட்டட நிர்மாணத்துக்கெனத் தனியாக 'எஞ்சினியரிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோப்பரேஷன்' பதிவு செய்யப்பட்டது. இ.சி.சி. என்று அழைக்கப்பட்ட இதன் தலைமையிடம் பிற்காலத்திலே சென்னை ஆயிற்று. டில்லியிலே 1986 இல் நிறைவெய்திய தாமரைக் கோயில் இதன் கைவண்ணமே.

யுத்த முடிவிலே நிகழ்ந்தது ஒன்று நம்மவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1945 இலே அமெரிக்கக் கட்டர்பில்லர் கம்பனியோடு, மண்வாரும் யந்திரங்களை விற்பதற்கு இவர்கள் ஒப்பந்தஞ் செய்தனர். படையினர் பயன்படுத்தி எஞ்சிய கட்டர்பில்லர் யந்திரங்கள் ஏராளமாய் மலிந்த விலைக்குக் கிடைத்தன. வாங்கினால் பெருவியாபாரம், வாங்குவதற்கோ இருவர் கையிலும் அவ்வளவு பணம் இல்லை. வழிகள் இரண்டு இருந்தன. முழு உரிமையும் நமதே என்று சிறிய கடையாகவே இருத்தல் ஒன்று. பிறரைப் பங்காளராய்ச் சேர்த்து உரிமையைப் பகிர்ந்து பெரிதாதல் மற்றொன்று. அவர்கள் இரண்டாவதைத் தெரிந்தனர். 1946 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆந் திகதி அது பங்கு முதலுள்ள கம்பனியாயிற்று. 1950 டிசெம்பரிலே பொதுமக்களுக்கும் பங்குகள் உரியவாயின. அப்பொழுது அதன் செலுத்திய முதல் 20 இலட்சம் ரூபா. அவ்வாண்டு விற்பனை 1 கோடியே 9 இலட்சம் ரூபா.

நமது பட்டினத்துக் கடைத்தெருக்களைப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். திறமையும் நாணயமும் உள்ள எத்தனையோ வியாபாரங்கள் தகப்பன் காலத்தோடு முடிந்துவிடுகின்றன. அல்லது சகோதரர் பிரிவினையிலே இரண்டாய் உடைகின்றன. அந்நியனுக்குப் பங்கு கொடுப்பதைக் குடும்ப மானக்கேடாக நினைப்பது நம்மிடம் ஆழ வேரூன்றிய வழக்கம். பெரியவர்கள் நம்மைக் கோபித்தாலும் இதைச் சொல்லவே வேண்டியிருக்கின்றது.

1947 இலே இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஆங்கிலேயக் கம்பனிக்காரர் பலர் மூட்டை கட்டினர். இவ்விரு டேனியரும் அப்பொழுதுதான் வேரூன்றினர். கல்கத்தாவிலும் சென்னையிலும் புதுடில்லியிலும் காரியாலயங்கள் திறந்தனர். 1948 இலே பம்பாய்க்கு வெளியே பவாய் என்னும் இடத்திலே 55 ஏக்கர் நிலம் வாங்கினர். அது சேறும் காடுமாய்க் கிடந்த நிலம். அங்கேதான் பிற்காலத்தில் பெரிய பெரிய கொதிகலங்களும், அணுவுலை உறுப்புக்களும் உருவாயின.

அந்த ஆண்டுகளிலே நிகழ்ந்தவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது குஜராத்திலே ஆனந்த் என்னும் ஊரிலே நடந்தது. அங்கே பாலுற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946 இலே தோன்றியது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவர். 1949 இலே வர்கீஸ் குரியன் என்னும் மலையாள வாலிபர் அவ்வூருக்கு அரசாங்கப் பாற்சாலை உத்தியோகத்தராய் வந்து சேர்ந்தார். அவர் சென்னை லொயோலாக் கல்லூரியிலும் கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியிலும் படித்தவர். சங்கத்தின் பழைய யந்திரம் ஓயாமற் பழுதாகி, சேர்த்த பால் திரிந்து போவதைக் கண்ட குரியன், ஒட்டுப்போடுவதை விட்டுப் புதிய யந்திரம் வாங்குங்கள் என்று புத்தி சொன்னார். பட்டேல் நாற்பதினாயிரம் ரூபா கடன்பட்டுக் கொண்டுவந்தார். லார்சன் அன்ட் டூப்ரோ வழியாகவே பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிக் குளிரச் செய்யும் டேனிய யந்திரம் ஆனந்துக்கு வந்தது. பின்னர் அச்சங்கத்தின் பெரிய பால்மா ஆலையை 1955 ஒக்டோபர் 31 ஆந் திகதி பிரதமர் நேரு திறந்து வைத்தார். அதன் வேலையிலும் இக்கம்பனிக்குப் பங்கு உண்டு. ஆனந்திலே பிறந்த 'அமுல்' என்னும் பெயரை நமது ஊர்ச் சிறுவரும் இன்று அறிவர். ஓரிரண்டு மாடு வைத்திருந்த கமக்காரர் பட்ட கடனையும், டேனியர் கையிலிருந்த பால்வித்தையையும், கிண்டியிலே படித்த ஒருவரின் பிடிவாதத்தையும் ஒருங்கே சேர்த்தது அந்த ஒரு யந்திரம்.

இனி நமது ஊரைப் பார்ப்போம். லார்சன் அன்ட் டூப்ரோ பொதுக் கம்பனியான அதே 1950 ஆம் ஆண்டிலேதான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சீமெந்து செய்யத் தொடங்கிற்று. திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் மந்திரியாய் இருந்த காலம் அது. கல் நமது நிலத்திலே. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து புகைவண்டியிலே வந்தது. இலங்கை முழுவதும் எழுந்த வீடுகளிலும் பாலங்களிலும் நமது கல் பொடியாகிக் கலந்தது. அந்தத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு நேரம் அறிந்த ஊர்கள் பல. நாற்பது ஆண்டுகள் அது நமது மக்களுக்குச் சோறு போட்டது. 1990 இலே யுத்தம் அதை மூடிற்று. அங்கு வேலை செய்தோரும் சுற்றியிருந்த ஊராரும் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தனர். அன்று அணைந்த உலை பின்னர் மூளவில்லை. பரந்தன் தொழிற்சாலையும் யுத்தத்திலே அழிந்தது.

இந்த இழப்புக்கு நமது சோம்பலே காரணம் என்று யாராயினும் கூறுவாராயின் அது அநியாயம். குண்டு விழுந்த இடத்திலே ஊக்கத்தைப் பற்றிப் பிரசங்கஞ் செய்வது நமக்குச் சம்மதமன்று. ஆனால் யுத்தத்துக்கு முந்திய நாற்பது ஆண்டுகளைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய ஆலை நடந்த இடத்திலே, அதைச் சுற்றி அதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களைச் செய்யும் பட்டறைகள் ஏன் ஊர்தோறும் எழவில்லை? உலையருகே பத்தாண்டு நின்று பழகிய பொறியியலாளர் இருவர் உத்தியோகத்தை விட்டு, ஒரு சிற்றறையிலே தொழில் தொடங்கும் நிலைமை ஏன் உண்டாகவில்லை? நம்மிடம் கைகள் இல்லாமற் போகவில்லை. இறக்குமதித் தடையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்திலே மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் நமது ஊர்ப் பட்டறைக்காரரே. 1940 இலே பம்பாயிலே அந்த டேனியர் செய்தது எதுவோ, தொண்ணூறுகளிலே நமது பட்டறைகளிலே நிகழ்ந்ததும் அதுவே. வேண்டிய சாமான் வராது போகவே, தாமே செய்தனர். ஆனால் தடை நீங்கிப் பாதை திறந்ததும் அந்த வித்தை தொழிலாக வளராமல், லொறியிலே வந்த சாமான்களின் முன் அடங்கிப் போயிற்று. ஒன்று பம்பாயிலே கம்பனியாயிற்று. மற்றொன்று இங்கே பழங்கதையாயிற்று. படித்த பொறியியலாளன் அந்தப் பட்டறைக்காரனோடு ஒரே கூரையின் கீழ் நிற்கவில்லை என்பது நாம் காணும் காரணம். படித்தவன் கந்தோரிலே இருந்தான், அல்லது வெளிநாட்டிலே இருந்தான். வேறு காரணம் காண்போர் அதை அடுத்த ஆண்டு மலரிலே எழுதினால் மகிழ்வோம்.

டூப்ரோ 1962 இலே நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் 1982 மார்ச் 4 ஆந் திகதி காலமானார். லார்சன் 1978 வரை கம்பனியின் தலைவராயிருந்தார். இந்தியாவின் தொழில்நுட்ப வளர்ச்சிக்கு அவர் செய்த பணிக்காக, சர்வதேச நல்லுணர்வுக்குரிய மக்சேசே விருது 1976 இலே அவருக்குக் கொடுக்கப்பட்டது. 2002 இலே இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருதளித்தது. பதவியை விட்ட பின்னும் அவர் டென்மார்க்குக்குப் போய் இருந்துவிடவில்லை. முப்பது வயதிலே வந்தவர், 2003 யூலை 27 ஆந் திகதி தமது தொண்ணூற்றாறாம் வயதிலே பம்பாயிலேயே உயிர் நீத்தார்.

அவருடைய கடைசிக் காலத்திலே கம்பனியைக் கைப்பற்றப் பெருமுதலாளிகள் முயன்றனர். 1989 இலே திருபாய் அம்பானி அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே விலக நேர்ந்தது. 2001 இலே அம்பானி குழுவின் பங்குகள் பிர்லா குழுவின் கைக்கு மாறின. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1983 முதல் இக்கம்பனி தானே நடத்தி வந்த சீமெந்துப் பகுதி 2004 இலே பிரிக்கப்பட்டு, 'அல்ட்ராடெக்' என்னும் பெயரோடு பிர்லா குழுவிடம் போயிற்று. அதற்கு மாறாக அக்குழுவிடமிருந்த பங்குகளை, கம்பனியின் ஊழியர் நலத்துக்கென ஏற்பட்ட நிதியம் வாங்கிக்கொண்டது. சீமெந்து உலையைப் பூட்ட வந்தவர்கள் தொடங்கிய கம்பனி, தன்னைக் காத்துக்கொள்வதற்குச் சீமெந்தையே விலையாகக் கொடுத்தது. இன்று லார்சன் குடும்பத்தாரோ டூப்ரோ குடும்பத்தாரோ அதனை ஆள்வதில்லை. பெயர்ப் பலகையிலே மட்டும் அந்த இரு பெயர்களும் உள்ளன. அவற்றிலும் முதற் பங்காளியின் பெயர் முழுமையாய் இல்லை. ஹொல்க் என்னும் முற்பாதியை 1938 இலேயே விட்டுவிட்டார்கள்.